மாப்பிள்ளை கொண்டுவந்த கலங்கல்

முசரவாக்கத்தில் பொன்னியம்மாள் வீட்டில் ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிக் குடித்தவர்கள் அதை மறந்ததில்லை. அந்தத் தெருவுக்கே ஒரே போர்க்குழாய். மோட்டார் போட்டால் கொஞ்ச நேரத்துக்கு வருவதெல்லாம் செம்மண் கரைசல்தான். மற்ற வீடுகளில் கேன் தண்ணீருக்குப் போய் வருஷக்கணக்காகிறது. பொன்னியம்மாள் போகவில்லை. அடுப்படி மூலையில் மணலைக் கொட்டி, அதை நனைத்து, அதன்மேல் ஒரு மண்பானை வைத்திருந்தாள். பானையின் உள்பக்கத்தில் தேத்தாங்கொட்டையை நன்றாக உரசிவிட்டு, கலங்கல் தண்ணீரை ஊற்றி மூடிவிடுவாள். காலையில் மூடினால் மத்தியானம் பானையின் அடி தெரியும். மண்ணெல்லாம் கீழே மண்டியாகப் படிந்து, மேலே தண்ணீர் பளிங்கு மாதிரி நிற்கும். அதை மொண்டு கொடுக்கிறபோது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஏதோ தன் வயிற்றில் பெற்ற தண்ணீர் மாதிரி.

கலங்கினது எதுவானாலும் தெளியவைத்துவிடலாம் என்று அவளுக்கு ஒரு தைரியம். வீட்டுக்காரன் வீராசாமியையே அப்படித்தான் தெளியவைத்தாள். ஆட்டோ ஓட்டுகிறவன். ஒரு காலத்தில் பொழுது சாய்ந்தால் ஆட்டோ ஒரு பக்கம் கிடக்கும், ஆள் ஒரு பக்கம் கிடப்பான். மகள் ஜோதிகா பன்னிரண்டாவது பரீட்சை எழுதின வருஷம், பெண்ணின் தலையில் கை வைத்து, இனிமேல் தொட மாட்டேன் என்று சத்தியம் பண்ணினான். அதற்கப்புறம் தொடவில்லை. இருந்தாலும் சாராயக் கடைப்பக்கம் போகிற சவாரி வந்தால் இன்றைக்கும் கொஞ்சம் வேகமாகத்தான் ஓட்டுவான், பாவம்.

ஜோதிகாவுக்குப் போன தையில் கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளை வசந்த், அரக்கோணத்துப் பையன், பெங்களூரில் வேலை. என்ன வேலை என்று தெருவில் கேட்டவர்களுக்கெல்லாம் பொன்னியம்மாள் "ஜூஸ் கம்பெனி" என்று சொல்லி வைத்திருந்தாள். உண்மையில் வசந்த் பீர் காய்ச்சுகிறவன். பெரிய ஃபேக்டரி பீர் இல்லை. ஓட்டலோடு சேர்ந்த சின்ன இடம், அங்கேயே காய்ச்சி அங்கேயே ஊற்றுவார்கள். பெண் கேட்டு வந்தபோது இதைக் கேள்விப்பட்டதும் பொன்னியம்மாள், "ஒருத்தன திருத்தறதுக்குள்ளயே என் உசுரு போச்சு, இப்ப காய்ச்சறவனையே கூட்டினு வரீங்களா?" என்று புரோக்கரை விரட்டினாள். அப்புறம் விசாரித்ததில், பையன் குடிக்கிறவன் இல்லை, வாயில் வைத்துப் பார்க்கிறவன், அவ்வளவுதான் என்று தெரிந்தது. பேச்சும் தன்மையாக இருந்தது. ஜோதிகாவுக்கும் பிடித்துப்போயிற்று. சரி என்றாள்.

ஆடி பிறந்ததும் வழக்கப்படி பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார்கள். பதினெட்டாம் பெருக்குக்கு மாப்பிள்ளைக்கு அழைப்பு. பெருக்குக்கு முதல் நாள் வசந்த் வந்து இறங்கினான். ஒரு கையில் பழக்கூடை, இன்னொரு கையில் கைக்குழந்தையைத் தூக்குகிற மாதிரி ஒரு தெர்மோகோல் பெட்டி. வந்ததும் வராததுமாகப் பெட்டியைத் திறந்து, கம்பி மாட்டிய மூடி போட்ட பழுப்புக் கண்ணாடி பாட்டில்களை எடுத்து ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் அடுக்கினான்.

பொன்னியம்மாள் கதவோரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளைக்கு எதிரே நின்று பேசுகிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை. எது சொல்வதானாலும் மகளிடம் சொல்லுவாள், மகள் அவனிடம் சொல்லுவாள். அவனும் அப்படித்தான். ஒரே அறையில் இருந்துகொண்டு, "அத்த சாப்ட்டாங்களான்னு கேளு" என்பான்.

சமையலறைக்கு வந்த ஜோதிகா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ம்மா, அந்த பாட்டிலுங்கள யாரும் தொடக்கூடாது. நாளைக்கு சாயங்காலம் இவரோட ஓனரம்மா வராங்க."

"நம்ம வூட்டுக்கா? இன்னாத்துக்குடி?"

"சங்கரி மேடம்னு பேரு. அவங்க பொண்ணுக்கு ஆவணியில கல்யாணம். பெரிய காஞ்சிபுரத்துக்குப் பட்டெடுக்க வராங்க. அப்டியே இங்க வந்து, இவர் சொந்தமா காய்ச்சினத டேஸ்ட் பண்ணிப் பாக்கப்போறாங்க."

"முகூர்த்தப் பட்டெடுக்க வர்ற மகராசி, பீரு குடிச்சிட்டாடி போவா?"

"குடிக்கிறது இல்லம்மா. பாக்கறது. நீ உப்பு பாக்க மாட்ட? அந்த மாதிரி." ஜோதிகா குரலைத் தணித்தாள். "புதுச்சேரியில புதுசா ஒரு இடம் தொறக்கறாங்க. அதுக்குத் தலைமையா யாரப் போடறதுன்னு நாளான்னிக்கு சொல்லியாகணுமாம். இது புடிச்சிருந்தா இவரு. புடிக்கலன்னா வேற ஆளு."

"வேற ஆளுன்னா இவருக்கு?"

"புனேல கூப்பிடறாங்க. போயிடலாம்னு சொல்லிக்கினு இருக்காரு."

பொன்னியம்மாள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். புதுச்சேரி என்றால் காலையில் குழம்பு வைத்து எடுத்துக்கொண்டு பஸ் ஏறினால் மத்தியானச் சோற்றுக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். பெண்ணைப் பார்த்துவிட்டு விளக்கு வைக்கிறதுக்குள் திரும்பியும் விடலாம். புனே எங்கே இருக்கிறது? என்ன பாஷை பேசுவார்கள்? பிள்ளை உண்டானால் யார் பார்ப்பது? இதையெல்லாம் அவள் வாய்விட்டுக் கேட்கவில்லை. "நல்லா இருந்துடும்டி, மாப்ள கை நல்ல கை" என்று மட்டும் சொன்னாள். அன்றைக்குப் படுக்கப் போகுமுன் ஃபிரிட்ஜுக்கு நேராக நின்று ஒரு கும்பிடு போட்டாள்.

மறுநாள் காலையில் பெண்ணும் மாப்பிள்ளையும் காமாட்சியம்மன் கோயிலுக்குக் கிளம்பினார்கள். அப்படியே ஊருக்குள் வசந்தின் சிநேகிதன் வீட்டில் விருந்து, சாயங்காலம்தான் வருவார்கள். பொன்னியம்மாள் ஆப்பத்துக்கு மாவு ஆட்டி வைத்தாள். ஓனரம்மாவுக்கு ஆப்பமும் வடகறியும் என்று முடிவாகியிருந்தது. பாக்கி நேரத்துக்குச் சேலை ஒன்றை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். பட்டுக்கடைச் சேலைகளுக்கு முந்தானைக் குஞ்சம் முடிகிறது அவள் தொழில்.

கொஞ்ச நேரம் கழித்து மோர் எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தாள். ஒரு பாட்டிலின் மூடியோரமாக நுரை கசிந்து தட்டெல்லாம் பிசுபிசுவென்று இருந்தது. நேற்று அடுக்கினபோது நான்கு மாதிரி இருந்ததே, இப்போது மூன்றுதானே இருக்கிறது என்று ஒரு எண்ணம் ஓடியது. மாப்பிள்ளை சிநேகிதனுக்கு ஒன்று எடுத்துப் போயிருப்பார் என்று விட்டுவிட்டாள். கசிகிற பாட்டிலைத் துடைத்து, மூடியை இறுக்கலாம் என்று கம்பியை ஒரு நெம்பு நெம்பினாள்.

'டப்' என்று ஒரு சத்தம். பொன்னியம்மாள் "அம்மாடி!" என்று பின்வாங்கினாள். நுரை குபுகுபுவென்று பொங்கி வழிந்தது. சட்டென்று ஒரு சொம்பை எடுத்துப் பிடித்தாள். சொம்பில் இறங்கியதை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

பீர் அவளுக்குத் தெரியாததா? வீராசாமியின் பழைய நாட்களில் எத்தனை பாட்டிலைப் பிடுங்கிக் கவிழ்த்திருக்கிறாள்! விளக்கெண்ணெய் நிறத்தில், அந்தப் பக்கம் விரலை வைத்தால் ரேகை தெரிகிற மாதிரி அல்லவா இருக்கும்? இது மாம்பழத்தை மோரில் கரைத்த மாதிரி ஒரே கலங்கலாக இருந்தது. முகர்ந்து பார்த்தாள். மாம்பழ வாசனை வேறு அடித்தது. பழம் நாள்பட்டால் வருமே, அந்த வாசனை. பொங்கினதும், புளித்த கூழ் பொங்கின மாதிரியேதான் பொங்கியது.

கெட்டுப்போயிற்று. ஆடி வெயிலில் பஸ்ஸில் குலுங்கிக் குலுங்கி வந்ததில் கெட்டுப்போயிற்று. சாயங்காலம் ஓனரம்மா வருவாள். இந்தக் கழுநீரை எடுத்து நீட்டுவான் பிள்ளை.

இந்த இடத்தில் அவள் வசந்திடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கதையே இல்லை. ஆனால் எப்படிக் கேட்பது? மாப்பிள்ளை முகத்துக்கு நேரே நின்று "நீங்க காய்ச்சினது கெட்டுப்போச்சு" என்று எந்த மாமியார் சொல்லுவாள்? மகளுக்குப் போன் போட்டால் அவள் அவனிடம் சொல்லிவிடுவாள். கோயிலில் நிற்கிற பிள்ளை மனசு உடைந்துபோகும். பொன்னியம்மாள் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். கண் போய்த் தண்ணீர்ப் பானையில் நின்றது.

அப்புறம் என்ன, கை தானாக வேலை செய்தது. அம்மனுக்குக் கூழ் கரைக்க வாங்கிய புதுப்பானை ஒன்று இருந்தது. அதைக் கழுவினாள். டப்பாவிலிருந்து நல்ல கொட்டையாகப் பொறுக்கி, பானையின் உள்பக்கம் சுற்றி உரசு உரசு என்று உரசினாள். தண்ணீருக்கு உரசுவதைவிட ஒரு மடங்கு கூடவே உரசினாள். மூன்று பாட்டிலையும் ஊற்றி, தட்டைப் போட்டு மூடி, "தாயே, தெளிஞ்சுடணும்" என்று பானைமேல் கை வைத்துக் கண்ணை மூடினாள். எதற்காக அம்மனை வேண்டிக்கொள்கிறோம் என்று நினைத்துப் பார்க்கிற நிலைமையில் அவள் இல்லை.

அன்றைக்கென்று பார்த்து வீராசாமி சவாரிக்குப் போகாமல் அடுப்படிப் பக்கமே வந்து வந்து போய்க்கொண்டிருந்தான்.

"இன்னாய்யா, இங்கயே சுத்திக்கினு இருக்க?"

"தண்ணி தாகமா இருக்குதும்மே."

"காலையிலருந்து பானையில பாதிய நீயே குடிச்சிட்ட. போ அந்தாண்ட."

அவன் தண்ணீர்ப் பானையை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனான். புதுப்பானையைக் கவனிக்கவில்லை. கூழ் என்று நினைத்திருப்பான்.

மத்தியானம் தட்டை எடுத்துப் பார்த்தவளுக்கு அழுகையே வந்துவிட்டது. தெளிந்துவிட்டது! பொன் நிறத்தில், விளக்கெண்ணெய் தோற்றுப்போகிற மாதிரி, அடி தெரிகிற தெளிவு. ஆடாமல் அசையாமல் மொண்டு பாட்டில்களில் நிரப்பி, கம்பியை அழுத்தி மூடி, இருந்த இடத்திலேயே அடுக்கிவிட்டாள். பானையின் அடியில் மஞ்சளாகக் கொழகொழவென்று மண்டி கிடந்தது. கீழே கொட்ட மனசு வரவில்லை. அந்தக் காலத்தில் ஆப்ப மாவுக்குக் கள் ஊற்றிப் புளிக்கவைப்பார்களே, இதுவும் அந்த ஜாதிதானே என்று மாவில் ஊற்றிக் கலக்கினாள். மாவு சாயங்காலத்துக்குள் பஞ்சு மாதிரி பொங்கி நின்றது. எல்லாமே கூடி வருகிறது என்று அவளுக்கு ஒரே குஷி.

சங்கரி மேடம் சொன்னபடி வந்தாள். ஐம்பதைத் தாண்டின அம்மா, நரைத்த தலை, காதில் சின்னக் கம்மல். காரிலிருந்து பட்டுக்கடைப் பைகளோடு இறங்கியவளைப் பார்த்ததும் பொன்னியம்மாளுக்குப் பாதி பயம் போய்விட்டது. பீர் ஓனர் என்றால் எப்படி இருப்பாள் என்று நினைத்திருந்தாளோ, இவள் நம் வீட்டுப் பெரியம்மா மாதிரி இருந்தாள். முகூர்த்தச் சேலையைப் பிரித்துக் காட்டினாள். அரக்கில் பச்சைக் கரை. பொன்னியம்மாள் முந்தானையைத் தடவிப் பார்த்து, "குஞ்சம் இன்னும் முடியலயேம்மா. வெச்சுட்டுப் போங்க, நான் முடிச்சு அனுப்பறேன். கல்யாணப் பொண்ணுக்கு என் கையால இருக்கட்டும்" என்றாள். சங்கரி மேடத்துக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று.

அப்புறம் ருசி பார்க்கிற நேரம் வந்தது. வசந்த் கொண்டுவந்திருந்த கண்ணாடி கிளாஸ்களைத் துடைத்து மேஜைமேல் வைத்தான். வைத்த கிளாஸை எடுத்து அவன் மறுபடி துடைத்ததைக் கதவோரத்திலிருந்து பொன்னியம்மாள் பார்த்தாள். 'பயப்படாத கண்ணு, எல்லாம் சரி பண்ணிட்டேன்' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

ஃபிரிட்ஜைத் திறந்த வசந்த், "ஒண்ணு குறையுதே..." என்று முணுமுணுத்தான். ஒரு பாட்டிலை எடுத்துக் கம்பியை நெம்பினான். சத்தமே இல்லை. அவன் நெற்றி சுருங்கியது. கிளாஸைச் சாய்த்து ஊற்றினான். நுரையும் இல்லை. தண்ணீர் மாதிரி இறங்கியது. கிளாஸின் அந்தப் பக்கம் இருந்த அவன் விரல்கள் ஐந்தும் தெளிவாகத் தெரிந்தன.

இன்னொரு பாட்டிலைத் திறந்து பார்த்தான், அதுவும் அப்படியே.

சங்கரி மேடம் கிளாஸை வாங்கினாள். ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். ஒரு சுழற்று சுழற்றி மூக்கருகே கொண்டுபோனாள். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்சம் வாயில் வைத்தாள். முழுங்கிவிட்டுக் கிளாஸை மெதுவாக, சத்தம் வராமல், மேஜைமேல் வைத்தாள். அப்படி வைத்ததிலேயே எல்லாம் தெரிந்துபோயிற்று.

"வசந்த், ஹேஸியா காய்ச்சறேன்னுதானப்பா சொன்ன? மூட்டமா, மாம்பழச்சாறு மாதிரி இருக்கும்னு? இதுல மூட்டமும் இல்ல, வாசனையும் இல்ல, உசுரும் இல்லையே."

"போன வாரம் இருந்துச்சு மேடம்..." வசந்த் தலையைக் குனிந்துகொண்டான். "எங்கயோ நான்தான் தப்பு பண்ணிட்டேன். என்னன்னு தெரியல. சாரி மேடம்."

"பரவால்லப்பா. எல்லாருக்கும் ஒரு தடவ ஆகும்" என்றாள் அந்த அம்மா. அன்பாகத்தான் சொன்னாள். ஆனால் அது ஆறுதல். வேலை கொடுக்கிற பேச்சு இல்லை.

கதவுக்குப் பின்னால் பொன்னியம்மாள் அந்தக் கிளாஸையே பார்த்தாள். கலங்கல் கெட்டுப்போனது இல்லையா? அதுதான் அதன் அழகா? தான் உரசி உரசிக் கீழே இறக்கிவிட்டது அந்தப் பிள்ளையின் உழைப்பையா? பேசாமல் இருந்துவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. பஸ் மேலே பழி போய்விடும். ஆனால் அவன் "நான்தான் தப்பு பண்ணிட்டேன்" என்று அவள் செய்ததற்குத் தலை குனிந்து நிற்கிறானே! அந்தக் குனிந்த தலையை அவளால் பார்க்க முடியவில்லை.

ஆப்பக் கரண்டியைக் கையில் பிடித்தபடியே பொன்னியம்மாள் வெளியே வந்தாள். கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாக மாப்பிள்ளைக்கு நேர் எதிரே போய் நின்றாள்.

"அவர் தப்பு பண்ணலம்மா. நான் பண்ணேன்."

"ம்மா, நீ இன்னா பேசற?" என்றாள் ஜோதிகா.

"காலையில தொறந்து பாத்தேன். ஒரே கலங்கலா இருந்துது. கெட்டுப்போச்சுன்னு நெனச்சுக்கினேன். மாப்ளைக்கு உங்க முன்னாடி தலகுனிவாய்டுமேன்னு..." கரண்டியை இன்னொரு கைக்கு மாற்றினாள். "பானையில தேத்தாங்கொட்டைய உரசி, ஊத்தி, தெளிய வெச்சு, மறுபடி ரொப்பிட்டேன்."

சங்கரி மேடம் கிளாஸையும் பொன்னியம்மாளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"தெளிய வெச்சீங்க."

"ஆமாம்மா."

"பீரை."

"ஆமாம்மா."

"அடியில படிஞ்சது இருக்குமே, அது?"

பொன்னியம்மாள் கரண்டியைப் பார்த்தாள். "ஆப்ப மாவுல."

சங்கரி மேடம் சிரிக்கக் கூடாது என்று எவ்வளவோ பார்த்தாள். முடியவில்லை. புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். ஜோதிகாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. வசந்த் மாமியாரையே பார்த்தபடி நின்றான். கோபம் வரவேண்டிய முகத்தில் அது எங்கோ வழி தவறிப் போய்விட்டிருந்தது.

"அத்த, என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்ல?"

"உங்க மூஞ்சிக்கு நேரா நின்னு எப்டிங்க மாப்ள கேக்கறது?"

"இப்ப மட்டும் நிக்கறீங்களே."

"இப்ப நிக்காம இருக்க முடியல."

சங்கரி மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "அம்மா, உங்கள நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆனா என் நெலமையும் பாருங்க. நாளைக்குக் காலையில பேர் சொல்லணும். வாயில வெச்சுப் பாக்காம, நல்லாத்தான் இருந்திருக்கும்னு நம்பி நான் எப்டி ஒரு இடத்தையே தூக்கிக் குடுக்கறது? கூட இருக்கற பார்ட்னருங்களுக்கு என்னன்னு சொல்றது?"

நியாயமான பேச்சுதான். பொன்னியம்மாளுக்குப் புனே ரயில் கிளம்புகிற சத்தம் காதில் கேட்டது.

அப்போதுதான் வாசற்படியில் நின்றிருந்த வீராசாமி ஒரு தடவை இருமினான். யாரும் திரும்பவில்லை. மறுபடி இருமினான். பிறகு ஒரு முடிவுக்கு வந்தவன் மாதிரி நேரே அடுப்படிக்குப் போனான். தண்ணீர்ப் பானையை இரண்டு கையாலும் பிடித்து நகர்த்தினான். கீழே ஈர மணலுக்குள் கையை விட்டுத் துழாவி, ஒரு பழுப்பு பாட்டிலை வெளியே எடுத்தான். துண்டால் மணலைத் துடைத்தபடி, தலையை நிமிர்த்தாமல் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தான்.

"நைனா!" என்றாள் ஜோதிகா.

பொன்னியம்மாள் கத்தவில்லை. அதுதான் வீராசாமிக்குப் பயமாக இருந்தது.

"எப்பய்யா எடுத்த?" என்றாள் மெதுவாக.

"நேத்து. அடுக்கி வெச்சுட்டு மாப்ள குளிக்கப் போனப்ப."

"பாப்பா தலையில அடிச்சு சத்தியம் பண்ணியே."

"தொறக்கல பொன்னி. சத்தியமா தொறக்கல." அவன் துண்டை முறுக்கினான். "மாப்ள தன் கையால காய்ச்சினதாச்சே, ஒரு வாய், ஒரே ஒரு வாய் எப்டி இருக்குதுன்னு பாத்துடலாம்னு ஆசயா இருந்துது. ராத்திரி எடுத்தேன், வெச்சுட்டேன். காலையில எடுத்தேன், வெச்சுட்டேன். மத்தியானமும் எடுத்தேன். எடுக்கும்போதெல்லாம் பாப்பா மூஞ்சி வந்து நிக்குது. தொறக்க முடியல. திருப்பி வெக்கறதுக்கும் வெக்கமா இருந்துது."

பாட்டில் மேஜைமேல் நின்றது. மூடியோரம் இன்னும் ஒட்டியிருந்த மணலைப் பொன்னியம்மாள் விரலால் தட்டிவிட்டாள். இப்போது அந்தப் பாட்டிலுக்குள் அவளுக்கு இரண்டு விஷயம் இருந்தது. மகள் புதுச்சேரிக்குப் போவாளா புனேவுக்கா என்பது ஒன்று. பக்கத்தில் நிற்கிற இந்த மனுஷனின் வார்த்தை இன்னொன்று. ஒரு தடவை திறந்த பாட்டில் மறுபடி சத்தம் போடாது என்று அவளுக்குச் சற்றுமுன்தான் தெரிந்திருந்தது.

"தொறங்க மாப்ள" என்றாள்.

வசந்த் கம்பியில் கட்டைவிரலை வைத்து நெம்பினான்.

'டப்!'

மேலே கட்டியிருந்த துணிக்கொடி அதிர்ந்த மாதிரி இருந்தது அவளுக்கு. பாட்டில் வாயிலிருந்து லேசாகப் புகை எழுந்தது. பொன்னியம்மாள் புருஷனைப் பார்த்தாள். வீராசாமி சுவரைப் பார்த்துக்கொண்டு துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தான். அவள் பக்கத்தில் நகர்ந்து அவன் முழங்கையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டாள்.

வசந்த் கிளாஸைச் சாய்த்து ஊற்றினான். மாம்பழத்தை மோரில் கரைத்த அதே நிறம். மேலே வெள்ளையாக ஒரு விரற்கடை நுரை எழுந்து அப்படியே நின்றது. காலையில் பொன்னியம்மாள் கழுநீர் என்று நினைத்த அதே கலங்கலை, இப்போது எல்லோரும் விளக்கைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்கள்.

சங்கரி மேடம் சிரிப்பையெல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டாள். கிளாஸை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"மூட்டம் ஒரே சீரா இருக்குது. கட்டி கட்டியா மெதக்கல." சுழற்றினாள். மூக்கைக் கிளாஸுக்குள்ளேயே விட்டாள். "மொதல்ல மாம்பழம்தான். நல்லா பழுத்தது. அதுக்குப் பின்னாடி நார்த்தங்கா தோல். இன்னும் உள்ள... இரு, சொல்லாத... கொய்யா. ஃபிரிட்ஜ்ல இல்லாம மணல்ல இருந்ததால கொஞ்சம் வெதுவெதுப்பா இருக்குது. அதுவும் நல்லதுதான், வாசனை ஒளிஞ்சுக்க முடியல."

வாயில் வைத்தாள். உடனே முழுங்கவில்லை. நாக்கில் உருட்டினாள். முழுங்கினபின் மூக்கு வழியாக மெதுவாக மூச்சை விட்டாள்.

"நாக்குல மெத்துன்னு இருக்குது. கோதுமையும் ஓட்ஸும் அளவா போட்டிருக்க. இனிப்பு முன்னாடி வந்துட்டு நகர்ந்துக்குது." இன்னொரு வாய். "ஆனா கசப்பு முழுங்கினப்புறமும் கொஞ்சம் நீளமா நிக்குது. தெரியுதா உனக்கு?"

வசந்த் ஒரு வாய் வைத்துப் பார்த்துத் தலையாட்டினான். "தெரியுது மேடம். வாசனைக்குப் போடற ஹாப் பூவை அவசரப்பட்டு சூட்டோட போட்டுட்டேன். இன்னும் ஆறவிட்டுப் போட்டிருக்கணும்."

"ம். அதை நீயே சொல்லிட்ட." கிளாஸை வைத்தாள். இந்தத் தடவை சத்தம் வந்தது. "புதுச்சேரியில தண்ணி வேற மாதிரி இருக்கும்பா. போனதும் மொதல்ல அந்தத் தண்ணியக் குடிச்சுப் பழகு. அப்புறம் காய்ச்சலாம்."

"மேடம், அப்டின்னா..."

"அப்டின்னா நாளைக்கு உன் பேரத்தான் சொல்லப்போறேன். ஒரே ஒரு கண்டிஷன். உங்க மாமியாரக் காய்ச்சற எடத்துக்குள்ள விடக்கூடாது."

ஜோதிகா அம்மாவைக் கட்டிக்கொண்டாள். கரண்டியோடு சேர்த்துத்தான் கட்டிக்கொண்டாள். புடவையெல்லாம் மாவு.

அப்புறம் ஆப்பம் வார்த்தார்கள். ஓரமெல்லாம் பின்னல் மாதிரி மொறுமொறுவென்று, நடுவில் பஞ்சாக வந்தது. சங்கரி மேடம் ஒரு விள்ளல் பிய்த்து வாயில் போட்டவள் அப்படியே நிறுத்தினாள். "வசந்த், இதுல உன் மாம்பழம் இருக்குதுப்பா" என்றாள். தட்டை எடுத்து மூக்கருகே வைத்துப் பார்த்தாள். "ஆப்பத்துல கசப்பு கூட இல்ல. இவங்க உன்னைவிட நல்லா பண்ணியிருக்காங்க போலருக்குதே" என்று கிண்டலாகச் சொல்லிவிட்டு இன்னொன்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். போகும்போது முகூர்த்தச் சேலையைப் பொன்னியம்மாள் கையில் கொடுத்து, "குஞ்சம் நல்லா நெருக்கமா முடிங்க" என்றாள்.

கார் போன பின்பு வசந்த் கிளாஸில் மிச்சமிருந்ததை எடுத்துக்கொண்டு சமையலறை வாசலுக்கு வந்தான். ஜோதிகாவிடம் சொல்லி அனுப்பவில்லை. நேராகவே நீட்டினான்.

"அத்த, குடிக்க வேணாம். மோந்து மட்டும் பாருங்க. நீங்க அவசரத்துல சரியா பாத்திருக்க மாட்டீங்க."

பொன்னியம்மாள் முதலில் வெட்கப்பட்டாள். பிறகு கிளாஸை வாங்கி, சங்கரி மேடம் செய்த மாதிரியே ஒரு சுழற்று சுழற்றி, மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடிக்கொண்டாள். நாள்பட்ட பழம் என்று காலையில் நினைத்தாளே, அது இல்லை. மாமரத்தில் காயைக் காம்போடு ஒடித்தால் பால் வடியுமே, அந்தக் காரம் கலந்த வாசனை. அதற்கப்புறம்தான் பழம்.

"நல்லாத்தான் இருக்குது" என்றாள். "ஆனா பாக்கறதுக்குக் கழுநீர்தான் மாப்ள. அத மட்டும் நான் மாத்திச் சொல்ல மாட்டேன்."

வசந்த் வாய்விட்டுச் சிரித்தான். அந்த வீட்டில் அவன் அப்படிச் சிரித்தது அதுதான் முதல் தடவை.

அடுப்படி மூலையில் வீராசாமி தான் நகர்த்தின பானையைத் திரும்ப மணல்மேல் உட்காரவைத்துக்கொண்டிருந்தான். அடுத்த வேளைக்கு நாலு உரசு உரசிவிடலாம் என்று தேத்தாங்கொட்டை டப்பாவையும் எடுத்து வைத்திருந்தான். பொன்னியம்மாள் கிளாஸோடு அவன் பக்கத்தில் போய் நின்றாள். அவன் நிமிர்ந்து கிளாஸையும் அவளையும் பார்த்துவிட்டுச் சட்டென்று பார்வையைத் தாழ்த்திக்கொண்டான்.

"மூணு தடவ எடுத்து மூணு தடவ வெச்சியாமே."

"ஆமாம்மே."

"இந்தா. வாசன மட்டும்தான்."

கிளாஸை அவள் கையிலேயே வைத்துக்கொண்டு அவன் மூக்குக்குக் கீழே பிடித்தாள். வீராசாமி இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, குழந்தை பூவை முகர்கிற மாதிரி நீளமாக மூச்சை இழுத்தான். விடவே இல்லை. அவளும் கிளாஸை எடுக்கவில்லை, அவன் மூச்சு முடிகிற வரைக்கும் பிடித்துக்கொண்டே நின்றாள்.